அறுபது சொல்லுக்குள்

டர்பனில் பிப்ரவரி என்றால்
விசிறி சுற்றினாலும் காகிதம் விரலில் ஒட்டும்.
புதுக் கையேட்டுக்குப் பதின்மூன்று ஆசிரியர் குறிப்புகள்,
ஆளுக்கு அறுபது சொல், வெள்ளிக்கிழமைக்குள்.
ஊடகத்துறையின் செயலர் நான்.
தட்டுவதும் வெட்டுவதும் என் வேலை.

டாக்டர் ஃபூரி அனுப்பியது:
'ஒலிபரப்பில் பதினேழு ஆண்டு அனுபவம்.'
எந்தப் பதினேழு என்று
அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
மாலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்களை அலமாரியிலிருந்து
'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று சொன்ன குரல்.
ஜன்னலுக்கு வெளியே டயர் எரியும்.
இப்போது அவர் நடத்தும் பாடம் நேர்காணல்.
நன்றாகவே நடத்துகிறார்.
கேள்வி கேட்டபின் அவர் விடும் மௌனத்தில்
கல்லும் வாய் திறந்துவிடும் என்கிறார்கள் பிள்ளைகள்.

கன்னியம்மா செட்டி விளம்பரத்திலிருந்து வந்தவர்.
முகம் வெளுக்கும் களிம்புக்கு
மூன்று மொழியில் ஒரே பொய்யை எழுதிப்
பரிசும் வாங்கியவர்.
முதல் வகுப்பிலேயே அதைச் சுவரில் காட்டி,
'எழுதியவள் நான்தான். எங்கே ஏமாற்றினேன், சொல்லுங்கள்' என்பார்.
குறிப்பில் பரிசு இருக்கட்டும் என்றார்.
எதற்கென்று மட்டும் வேண்டாமாம்.
அரைமணி கழித்துப் படியேறி வந்து
பரிசையும் அடிக்கச் சொன்னார்.
அடித்தேன். முப்பத்தொரு சொல் மிச்சம்.

ம்கீஸே சுரங்கக் கம்பெனியின் வாயாக இருந்தவர்.
'இப்போதைக்குக் கருத்துச் சொல்வதற்கில்லை' என்பதை
பத்தொன்பது விதமாகச் சொல்லத் தெரியும்.
நடத்துவது அறம்.
ஆரம்பத்தில் சிரித்தோம்.
பாம்பின் கால் பாம்பறியும் என்று
ஒருநாள் நான் சொல்லப்போக,
அவர் மொழியிலும் அப்படி ஒன்று இருக்கிறதாம்,
அதில் பாம்பு இல்லை, கழுதைப்புலி.

பாதயாச்சி மட்டும் எதுவும் அனுப்பவில்லை.
ஜனவரியில்தான் சேர்ந்தார், பகுதிநேரம்.
நடைவழியில் பார்த்தால் தலையசைப்பார்,
நேரில் அது வேறு யாரோ ஒருவரின் குரல்.
நேற்று தொலைபேசியில் அழைத்தார்.
'எழுதிக்கொள்கிறீர்களா?
நிருபர், கமா, பதினோரு ஆண்டு, முற்றுப்புள்ளி.'

என் விரல்களுக்கு முதலில் தெரிந்தது.

எண்பத்தாறு, ஜூலை.
பத்திரிகை அலுவலகத்தின் இரண்டாம் மாடி.
காதில் கருவி, மடியில் கம்பளி, முன்னால் தட்டச்சுப்பொறி.
தெருவிலிருந்து நிருபர்கள் சொல்லச் சொல்ல
அடித்துக் கொடுக்கும் நான்கு பெண்களில் ஒருத்தி.
எங்களுக்குப் பெயர் கிடையாது.
'ஹலோ, காப்பி' என்றுதான் அழைப்பார்கள்.

உம்லாஸியில் ஏதோ கடைத் தொலைபேசி.
ஒரு குரல் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தது,
எழுத்துக் கூட்டி, வயது சொல்லி, கமா போட்டு.
ஏழாவது பெயரில் நின்றது.
வயது பதினான்கு என்றது.
கமா என்றது.
பிறகு மூச்சு மட்டும்.
மூச்சுக்கு என் பொறியில் சாவி இல்லை.
'இருக்கிறேன்' என்றேன்.
வேறென்ன சொல்ல?
மறுநாள் தாளில் அந்த இடம்
நெற்றி அகலத்துக்கு வெள்ளையாக வந்தது.
அவசரநிலைச் சட்டம்.

'இருக்கிறீர்களா?' என்றார் பாதயாச்சி.
'இருக்கிறேன்.'

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.
கீழே அம்கேனி சாலையில் டாக்ஸிக்காரன் ஒருவன்
ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தான்.
அவர் ஏதும் கேட்கவில்லை.
'அவ்வளவுதான்' என்றார்,
கொஞ்சம் பொறுத்து, பழக்கத்தில்,
'செய்தி முடிந்தது' என்றார்.

சொல் குறைவு என்று திரை சிவந்தது.
இருக்கட்டும் என்று சேமித்தேன்.
இன்னும் ஒன்பது பேர் பாக்கி.
அதில் ஒருவர் புகைப்படமும் தரவில்லை.